சுவர் இல்லாத உயிரணு

கன்னியம்மா ஆய்வகத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "உள்ள வாம்மா" என்று கூப்பிட்டேன். வரவில்லை. கதவுச் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எனக்குப் பின்னால் இருந்த அலமாரியையே பார்த்தாள்.

"எம் பொண்ண இட்டுகினு போலாம்னு வந்தேன் டீச்சரம்மா."

அவள் மகள் தேசம்மா என் ஒன்பதாம் வகுப்பு மாணவி. ஐப்பசி மழையில் படகு கவிழ்ந்து ஏரியோடு போனவள். உடல் கிடைக்கவில்லை. கருமாதியும் முடிந்துவிட்டிருந்தது.

"தேசம்மா இங்க இல்லியேம்மா" என்றேன். செத்துப்போன பெண்ணைப் பற்றிப் பேசுகிற பேச்சா அது! ஆனால் அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

"கீதே" என்றாள் கன்னியம்மா, சாதாரணமாக. "அந்த அலமாரிலதான் கீது. கண்ணாடில ஒட்டி வெச்சிகிறீங்களாமே. அதுவே எங்கிட்ட சொல்லிச்சி."

மூக்கை மூடிய டீச்சர்

போன வாரம் இதே பத்தியில் பொன்னேரி பஸ்ஸைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, மீன்கூடைக்காக இவ்வளவு புலம்பலா என்று ஒரு வாசகர் கோபித்துக்கொண்டிருக்கிறார். புலம்பத்தான் செய்வேன். எங்கள் வீட்டில் மீன் என்ற பேச்சே கிடையாது. அப்படி வளர்ந்தவளைத் தினமும் இரண்டு இறால் கூடைகளுக்கு நடுவில் உட்கார வைத்துப் பழவேற்காடு வரைக்கும் கொண்டுபோனால் தெரியும் சேதி.

அறுபதுகளின் கடைசியில், எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. ஏரிக்கரையில் ஒரு பள்ளிக்கூடம். நான் அறிவியல் டீச்சர். ஏரி என்றால் குடிக்கிற ஏரி இல்லை. முகத்துவாரம் வழியாகக் கடலோடு சேர்ந்த உப்பு ஏரி. சுற்றிலும் மீனவக் குப்பங்கள். பிள்ளைகளில் பாதிப் பேர் படகில்தான் வருவார்கள். வரும்போதே பாவாடை ஓரம் நனைந்திருக்கும். நனைந்த பாவாடையும் மீன் வாசனையுமாக வகுப்பு நிறைந்துவிடும்.

நான் புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டே பாடம் நடத்துவேன். "டீச்சருக்கு வருசம் பூரா ஜலதோசம்" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வரும். அது தேசம்மாவின் குரல். திரும்பிப் பார்த்தால் உலகத்திலேயே தன்னைப்போல் நல்ல பிள்ளை இல்லை என்று முகத்தை வைத்துக்கொண்டிருப்பாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வந்ததே இல்லை.

மத்தியானம் என் டிபன் பாக்ஸை எட்டிப் பார்ப்பாள். அநேகமாக எலுமிச்சம் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இருக்கும். "இன்னா டீச்சர், இன்னிக்கும் மஞ்சா சோறா? எங்க ஊட்டுக்கு ஒருநாளு வாங்க, எங்கம்மா ஆக்குற எறா தொக்கு துன்னு பாருங்க. அப்பறம் மூக்கத் தொறந்துடுவீங்க" என்பாள். "போடி அந்தப் பக்கம்" என்று விரட்டுவேன்.

வெங்காயத்துக்கு இருக்கிறது, நமக்கு இல்லை

பள்ளிக்கு ஒரே ஒரு நுண்ணோக்கி. ஆய்வகத்தில் மின்சாரம் கிடையாது. நுண்ணோக்கிக்குக் கீழே ஒரு சின்ன வட்டக் கண்ணாடி இருக்கும், அதை ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தை மேலே அனுப்ப வேண்டும். எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே ஏரி. வெயில் தண்ணீரில் பட்டு, அங்கிருந்து இந்தக் கண்ணாடிக்கு வந்து, குழாய் வழியாக மேலே ஏறும். அதனால் எதை வைத்துப் பார்த்தாலும் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். செத்த பொருளும் மூச்சு விடுவதுபோலத் தெரியும். முதல் தடவை பார்த்தபோது நானே கொஞ்சம் பயந்தேன்.

ஒருநாள் பாடம் உயிரணு. வெங்காயத் தோலை உரித்துச் சிவப்புச் சாயம் போட்டுக் காட்டினேன். வரிசை வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொன்றையும் சுற்றிக் கெட்டியான சுவர். உள்ளே ஓரமாக ஒதுங்கி ஓர் உட்கரு. அடுத்தது மோர். கண்ணாடியில் தடவி, உலர்த்தி, சாயம் போட்டால் மிகச் சின்னச் சின்னக் குச்சிகளாகத் தெரியும். அவைதான் பாக்டீரியா. அவற்றுக்கும் சுவர் உண்டு. ஆனால் உட்கரு என்று தனி அறை கிடையாது, சரக்கெல்லாம் நடுக்கூடத்தில் கிடக்கும்.

மூன்றாவது, மனித உயிரணு. கன்னத்தின் உள்பக்கத்தைத் தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால் சுரண்டி எடுக்க வேண்டும். "யார் வர்றீங்க?" என்றதும் வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டது. எச்சிலை இன்னொருத்தர் கையில் கொடுக்கவே கூடாதாம், கொடுத்தால் நம் உயிர் அவர்கள் கைக்குப் போய்விடுமாம். "என்னடி பைத்தியக்காரத்தனம்!" என்று சத்தம் போட்டு, முதலில் என் கன்னத்தை நானே சுரண்டிக் காட்டினேன். அப்புறம் தேசம்மா எழுந்து வந்தாள். "எனுக்கும் சொரண்டுங்க டீச்சர், உயிரு போனா போவட்டும்" என்று வாயை ஆவென்று திறந்தாள்.

நீலச் சாயம் போட்டு, அவளையே பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை.

"டீச்சர், இது என்னியே பாக்குது" என்றாள். ஒவ்வொரு உயிரணுவின் நடுவிலும் கறுநீலமாக ஒரு புள்ளி. அதுதான் உட்கரு. அவளுக்கு அது கண்மணியாகத் தெரிந்திருக்கிறது.

"வெங்காயத்துக்கு செவுரு கீது. மோருல இருக்கிற பூச்சிக்குக்கூட கீது. நமக்கு இல்லியா?"

"இல்ல. மெல்லிசா ஒரு சவ்வு மட்டும்தான்."

"அப்ப தண்ணில போட்டா கரைஞ்சி போயிடாதா டீச்சர்?"

ஏரியில் பிறந்து வளர்ந்தவள் கேட்கிற கேள்வி. நான் உற்சாகமாகப் பதில் சொன்னேன். உப்புத் தண்ணீர் என்றால் தாக்குப் பிடிக்கும். நல்ல தண்ணீரில் போட்டால், சுவர் இல்லாததால் நீரைக் குடித்துக் குடித்து உப்பும். ரத்த அணுவாக இருந்தால் வெடித்தே போகும் என்றேன்.

"மழைக் காலத்துல எங்க ஏரி நல்ல தண்ணியா ஆயிடும் டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். மணி அடித்தது, எல்லோரும் ஓடிவிட்டார்கள்.

அந்தக் கண்ணாடித் துண்டுகளை நான் கழுவவில்லை. கல்லூரியில் படித்த பெருமை விடுமா? கனடா பால்சம் என்ற பிசினை விட்டு, மேலே மெல்லிய கண்ணாடியை ஒட்டினால் வருஷக்கணக்கில் கெடாது. வெங்காயம், மோர், என் கன்னம், அவள் கன்னம் எல்லாவற்றையும் அப்படி ஒட்டினேன். ஆய்வக உதவியாளர் எத்திராஜ் மைதாப் பசை காய்ச்சிப் பெயர்ச் சீட்டு ஒட்டினார். மரப்பெட்டிக்குள் வைத்து அலமாரியில் பூட்டினோம்.

ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. ஏரி நல்ல தண்ணீராக மாறியிருந்த அந்த வாரத்தில்தான் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் எல்லாம் கரையேறினார்கள். அந்தச் சேதி வந்த நேரத்தில் நான் அவளுக்குச் சொன்ன பதில்தான் காதில் கேட்டது.

உள்ளே வருகிற கால்கள்

வாசலில் நின்ற கன்னியம்மாவை எப்படியோ கையைப் பிடித்து உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். முக்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒடம்பு கெடைக்கலன்னா வைக்கோல்ல பொம்ம செஞ்சி, அது மேல அவுங்க முடியோ நகமோ வெச்சி ஏரில உடுவோம் டீச்சரம்மா. ஒடம்புல ஒட்டிகினு இருந்தது எதுனா ஒண்ணு இருக்கணும். எம் பொண்ணு சுத்தக்காரி. சீப்புல ஒரு முடி உடமாட்டா. ஊடு பூரா தேடிட்டேன். ஒண்ணும் கெடைக்கல. வெறும் பொம்மயத்தான் உட்டோம்."

"சரிம்மா, அதுக்கென்ன?"

"அந்தப் பொம்ம திரும்பி வந்துடிச்சி. எங்க ஊட்டாண்டயே வந்து ஒதுங்கிச்சி."

காற்று எந்தப் பக்கம் அடித்தால் எது எங்கே ஒதுங்கும் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

"அன்னிலேருந்து தெனம் விடிஞ்சா வாசப்படியில ஈரக்காலு டீச்சரம்மா. உள்ள வர்ற காலுதான் கீது. வெளிய போற காலே இல்ல. ஊட்டுக்குள்ள எங்க தேடுனாலும் ஆளு இல்ல. அது தூங்கணும் டீச்சரம்மா. எம் பொண்ணுக்கு ராத்திரில நனைஞ்ச துணியோட நிக்கவே புடிக்காது." அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். "சாமியாடி சொல்லிச்சி, அவ ஒடம்பு எதுனா ஒருத்தர் கையில சிக்கிகினு கீது, அத வாங்கி ஏரில உடுன்னு. அப்பதான் எனுக்கு இது நாபகம் வந்துது."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கொடுத்துவிடலாம். எழுந்து போய் அலமாரியைத் திறந்து மரப்பெட்டியை எடுத்தேன்.

பெட்டிக்குள் ஒரு சீட்டுகூட இல்லை. மைதாப் பசையைக் கரப்பான் பூச்சி காகிதத்தோடு சேர்த்துத் தின்று தீர்த்திருந்தது. மூலையில் கறுப்பாகக் கொஞ்சம் எச்சம் மட்டும் கிடந்தது. கண்ணாடித் துண்டுகள் எல்லாம் மொட்டையாக இருந்தன.

எத்திராஜ் என் காதோரம் வந்தார். "இன்னா டீச்சர் இது பேஜாரு! எதுனா ஒண்ணத் தூக்கிக் குடுத்து அனுப்பிடுங்க. வெங்காயத்தக் குடுத்தாக்கூட அதுக்கு இன்னா தெரியப்போவுது?"

"வாய மூடுங்க எத்திராஜ்" என்றேன். எனக்கு அவ்வளவு கோபம் அதுவரை வந்ததில்லை. ஒரு தாய் மகளைக் கேட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் கையில் வெங்காயமா?

இரண்டு கண்ணாடிகள்

நுண்ணோக்கியை ஜன்னலோரம் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சுவர் சுவராக அடுக்கியிருந்தது வெங்காயம், அதை ஓரமாக வைத்தேன். உட்கரு இல்லாத குச்சிகள் மோர், அதையும் வைத்தேன். மீதி இரண்டு. இரண்டிலும் சுவரில்லாத தட்டையான உயிரணுக்கள், ஓரம் மடங்கி, நடுவில் நீலக் கண்ணோடு. ஒன்று நான். ஒன்று தேசம்மா.

மாற்றி மாற்றிப் பார்த்தேன். என்ன பார்த்து என்ன? உயிரணுவில் பெயரா எழுதியிருக்கிறது? ஊர், சாதி, வயது எதுவும் தெரியாது. மீன் சாப்பிட்ட வாய் எது, மீன் வாசனைக்கு மூக்கை மூடிய வாய் எது என்றுகூடத் தெரியாது. அந்தப் பாடத்தை அத்தனை தடவை நடத்திய எனக்கு அதன் அர்த்தம் அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் இன்னொன்றும் உறைத்தது. இதில் ஒன்றைக் கொடுத்தால் அது நானாக இருக்கலாம். மஞ்சள் துணியில் முடிந்து, செத்தவர்களுக்குச் செய்வதெல்லாம் செய்து, என்னை ஏரியில் விட்டுவிடுவார்கள். அறிவியல் டீச்சர்தான். எச்சில் கொடுக்கப் பயந்த பிள்ளைகளைப் பைத்தியம் என்றவள்தான். ஆனாலும் பயந்தேன்.

உண்மையை அப்படியே சொன்னேன். "கன்னியம்மா, இதுல ஒண்ணு என்னோடது. எதுன்னு எனக்கே தெரியல."

"நானு பாத்தா தெரியும்" என்று எழுந்து வந்தாள். "பெத்தவளுக்குத் தெரியாதா?"

ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனியச் சொல்லிக்கொடுத்தேன்.

"கண்ணு கீது" என்றாள். "அதச் சுத்தி சின்னச் சின்னதா நிக்கிதே, அதெல்லாம் யாரு?"

"அது வாய்ல இருக்கிற கிருமிம்மா. உயிரோட இருக்கிற எல்லார் வாயிலயும் இருக்கும்."

"அப்ப தொணைக்கி ஆளு கீது" என்றாள். அவள் முகம் ஒரு நிமிஷம் தெளிந்தது. உடனே, "அசையுதே டீச்சரம்மா!" என்றாள்.

"அது ஏரித் தண்ணியோட வெளிச்சம்மா, வேற ஒண்ணும் இல்ல."

அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. இரண்டாவதை வைத்தேன். குனிந்தாள். இந்தத் தடவை நடுக்கம் இல்லை. வெளியே சூரியனை மேகம் மறைத்திருந்தது. அது எனக்குத் தெரியும்.

"இதான்" என்றாள். "இது அசையல. இதான் எம் பொண்ணு. அசையிறது நீங்க, உசுரோட கீறீங்க."

மேகம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவள் சொன்னபடி பார்த்தால் நான் உயிரோடு இருக்கிறேன், என் கண்ணாடி என்னிடமே இருக்கும். அந்த ஒரு கணம் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நான் வாயைத் திறப்பதற்குள் மேகம் விலகிவிட்டது.

கன்னியம்மா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் தோள் மட்டும் இறுகியது. "இதுவும் முழிச்சிகிச்சி" என்றாள், ரொம்ப மெதுவாக.

அவள் நிமிர்ந்தபோது முகத்தில் துளி ரத்தம் இல்லை. என்னைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். "ரெண்டையும் குடுத்துடுங்க டீச்சரம்மா. ஒண்ண இங்கியே வெச்சி, அது எம் பொண்ணா பூடிச்சின்னா, திரும்பியும் அது ஈரத்துலதான நிக்கும்?"

எத்திராஜ் கையைப் பிசைந்தார். "டீச்சர், வேணாம் டீச்சர்" என்றார்.

கொடுத்துவிட்டேன்.

முகத்துவாரம்

என்னையும் படகில் ஏற்றிக்கொண்டார்கள். சாயங்கால வெயில். மஞ்சள் துணியில் அரிசி, வெற்றிலை, இரண்டு கண்ணாடித் துண்டுகள். கன்னியம்மாவின் புருஷன் படகை முகத்துவாரத்துக்குக் கிட்டே நிறுத்தினார். கன்னியம்மா முடிச்சைத் தண்ணீருக்குள் கை முழுக்க விட்டு, அங்கேயே விரல்களைத் திறந்தாள்.

வைக்கோல் மிதக்கும், கண்ணாடி மிதக்காது. நேரே கீழே போய்விட்டது. என் கன்னத்தின் உள்பக்கம், தீக்குச்சியால் சுரண்டிய அதே இடத்தில், உப்புக் கரித்தது. காற்றில் தெறித்த தண்ணீராக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயைத் திறந்திருந்தேனா என்பது ஞாபகமில்லை.

பிற்பாடு கும்மிடிப்பூண்டிக்கு மாற்றலாகிப் போனேன். தொழிற்பேட்டை தலையெடுத்துக்கொண்டிருந்த காலம். வயலிலிருந்து ஃபேக்டரிக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்கும் இதே பாடம்தான். வாயைச் சுரண்டச் சொல்வேன், பார்க்கச் சொல்வேன், மணி அடிப்பதற்குள் கண்ணாடியை வெந்நீரில் கழுவச் சொல்வேன். ஒட்டி வைக்கிற வேலையே கிடையாது. "ஏன் டீச்சர்?" என்று கேட்டால், "கரப்பான் பூச்சி வரும்" என்பேன்.

அது கிடக்கட்டும். மாற்றலுக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

இரண்டு இலை

அடுத்த ஐப்பசியில் தேசம்மாவின் வருஷத் திதி. கன்னியம்மா ஆள் அனுப்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். குப்பத்தில் அவள் வீட்டு வாசற்படி காய்ந்து கிடந்தது. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"அன்னியோட நின்னுடிச்சி" என்றாள். சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

உள்ளே அழைத்துப் போனாள். சுவரோரம் விளக்கு ஏற்றியிருந்தது. விளக்குக்கு முன்னால் படையல். ஒன்றல்ல, இரண்டு இலைகள். ஒன்றில் சோறும் இறால் தொக்கும், பக்கத்தில் மடித்து வைத்த புதுப் பாவாடை. இன்னொன்றில் எலுமிச்சம் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பக்கத்தில் ஒரு புது ரவிக்கைத் துணி.

"இது யாருக்கும்மா?" என்றேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"உனுக்குத்தான்" என்றாள். அதுவரை என்னை நீங்க என்றே பேசியவள். "உனுக்கு மீனு ஆவாதுன்னு தேசம்மா சொல்லிக்கிது. அதான் தனிச்சட்டியில ஆக்கனேன்."

என் படையலுக்கு முன்னால் நானே நின்றுகொண்டிருந்தேன். ஓடிவிடலாமா என்று தோன்றியது. அவள் என் தோளில் கை வைத்து மெதுவாக அழுத்தினாள்.

"போனது ரெண்டு. ஒண்ணு திரும்பி வந்து நிக்கிது. எது போச்சி, எது வந்துச்சின்னு நானு கேக்கமாட்டேன். ஒக்காரு. சாப்புடு."

உட்கார்ந்தேன். இரண்டு இலைகளுக்கும் நடுவில். அவள் விசிறியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் குந்தி, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கை எலுமிச்சம் சாதத்துக்குப் போகவில்லை. இறால் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தொக்கைச் சோற்றில் பிசைந்து, வாழ்நாளில் முதல் தடவையாக வாயில் வைத்தேன்.

அந்த ருசி எனக்குத் தெரிந்திருந்தது.